முப்பத்தொன்பது டிகிரியில் மூன்று மணி நேரம்

பிப்ரவரி 11

முதலாண்டுக்கு இன்று உமிழ்நீர்ப் பிராக்டிகல். வருஷா வருஷம் அதே கதை. ஸ்டார்ச் கரைசல், ஒரு சொட்டு அயோடின், நீலம் மறைய எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டியது. இருபது டிகிரியில் எட்டு நிமிஷம், முப்பதில் நான்கு. "பத்து டிகிரி ஏறினால் நொதியின் வேகம் இரட்டிப்பு" என்று பலகையில் எழுதினேன். அறுபதில் வைத்த குழாயில் நீலம் மறையவே இல்லை.

ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், இதை மறுபடி ஆற வெச்சா வேலை செய்யுமா?"

"வெந்த முட்டை குஞ்சு பொரிக்குமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

குழாய் கழுவும் தூரிகை தீர்ந்துவிட்டது. ஸ்டோரில் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 20

குழந்தைகள் வார்டு. ஜன்னலோரக் கட்டில்.

நேற்று மத்தியானம் என் மகள் பட்டாணிக்கு லேசான காய்ச்சல். 38.4. மருந்து கொடுத்து மூன்று மணி நேரத்தில் இறங்கிவிட்டது. ஆனால் காய்ச்சல் போன பிறகு குழந்தை எழுந்திருக்கவில்லை. தூக்கினால் ஈரத்துணி மாதிரித் துவண்டாள். கண்ணைத் திறந்தாள், என் முகத்தின் பக்கம் திருப்பினாள், பார்க்கவில்லை.

எனக்கு அந்தக் கண்ணைத் தெரியும்.

லிஃப்ட் பழுது பார்க்கப் போய்க் குழிக்குள் வேலையாக இருந்த இவர், கையில் கிரீஸோடு அப்படியே ஓடி வந்தார். நரம்பு வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார்கள். இன்று காலை, "ம்மா, பிக்கட்" என்றாள். ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் பிரித்துப் போர்வையில் கொட்டினேன். நர்ஸ் திட்டினாள். திட்டட்டும்.

பிப்ரவரி 21

பெரிய டாக்டர் வந்தார். தலை முழுக்க நரை, மெதுவாகப் பேசுகிறவர். "முதல் குழந்தை உண்டா?" என்றார். இவர் தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். பையன். நாலு வயசு. போய் மூன்று வருஷம். காய்ச்சல், ஒரே நாள்.

"வெறும் காய்ச்சலா?"

"வெறும் காய்ச்சல்தான் டாக்டர்."

பேனாவை மூடி வைத்தார். பிறகு பட்டாணியிடம் ரத்தம் எடுக்கச் சொன்னார். வெளியூர் லேபுக்குப் போகுமாம். மூன்று வாரம் ஆகுமாம்.

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். பெரியவனை இவருடைய அக்கா, என் நாத்தனார், பார்த்துக்கொண்டாள். கொதிக்கிற பிள்ளையைக் கம்பளியால் இழுத்துப் போர்த்தி, சோறு தண்ணி காட்டாமல் தூங்கவிட்டாள். நான் வந்து பார்த்தபோது அது தூக்கமில்லை. எல்லாம் முடிந்த மறுநாள், "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க" என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைப் "பூங்காவுக்கு" கூட்டிப் போகிறார். எந்தப் பூங்கா என்று எனக்குத் தெரியாதென்று நினைப்பு. அக்கா வீட்டு சோப்பு வாசனை பட்டாணியின் தலைமுடியில் வரும்.

மார்ச் 5

லேபிலிருந்து ஒன்றும் வரவில்லை. தெர்மாமீட்டரை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வைக்கிறேன். அதைக் கண்டாலே பட்டாணி கையை இறுக்கிக்கொள்கிறாள்.

மார்ச் 14

வந்துவிட்டது.

பெரிய டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். "கொழுப்ப எரிச்சு சக்தி குடுக்கற ஒரு என்சைம்மா இது. சாப்பிடாம இருக்கறப்போ, காய்ச்சல்ல, இதுதான் உடம்புக்குக் கை குடுக்கும். பாப்பாவுக்கு இது கொஞ்சம் குறைவு. குறைவுங்கறது பிரச்சினை இல்ல. இது சூடு தாங்காது. அதுதான் பிரச்சினை."

"பெரியவனுக்கும் இதுவா?" என்று இவர் கேட்டார்.

"இதே தான் இருந்திருக்கும். உங்க ரெண்டு பேர்கிட்டேருந்தும் ஆளுக்குப் பாதி வந்திருக்கு. யார் தப்பும் இல்ல."

யார் தப்பும் இல்லையாம். சொல்வது சுலபம்.

லேப் தாளை வாங்கி வந்தேன். மூன்றே வரி. ஒரு மணி நேரம் சூட்டில் வைத்த பிறகு மிஞ்சும் திறன்: 37 டிகிரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. 39-ல் எண்பது. 41-ல் முப்பத்தைந்து.

மற்றவர்களின் நொதி காய்ச்சலில் இன்னும் வேகமாக ஓடும். பலகையில் எழுதினேனே, இரட்டிப்பு, இரட்டிப்பு என்று. என் பிள்ளைகளுக்கு மட்டும் வெந்த முட்டை.

நான் சிரித்தேனே அன்றைக்கு.

மார்ச் 15

மதிய இடைவேளையில் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டேன். பட்டதாரி வகுப்புக்கு நானே சொல்லிக் கொடுக்கும் கணக்குதான். மிஞ்சியதன் மடக்கையை, அதாவது லாகரிதத்தை, எடுத்தால் அழிகிற வேகம் வரும். அதிலிருந்து அரை ஆயுள், இருப்பதில் பாதி அழிய ஆகும் நேரம்.

37-ல் பதினேழு மணி நேரம். அதற்குள் உடம்பு புதிதாகச் செய்துகொள்ளும்.
39-ல் மூன்று மணி நேரம்.
41-ல் நாற்பது நிமிஷம்.

அரை ஆயுள். எந்தப் பாவி வைத்த பெயர் இது.

சாதாரணக் குழந்தைக்கு நூறு என்றால் பட்டாணிக்கு அறுபதுதான் இருக்கிறது. இருபதுக்குக் கீழே போனால் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். அறுபதிலிருந்து இருபதுக்கு இறங்க எவ்வளவு நேரம்? 38.6-ல் ஏழு மணி நேரம். 39.5-ல் மூன்று மணி இருபது நிமிஷம். 40-ல் இரண்டேகால். 41-ல் ஒரு மணி நேரம், சொச்சம்.

மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அதே விடை. மாணவர்கள் இப்படிப் போட்டால் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

குடுவையில் எடுத்த அளவு இது, உடம்பு வேறு என்று எனக்கே தெரியும். ஆனால் வேறு எதைப் பிடித்துக்கொள்வது?

மார்ச் 16

அந்தக் கணக்கை வரைபடமாக்கிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். இவர் அதைப் பார்க்காமல் பாலை எடுத்தார்.

மார்ச் 18

லீவு போட்டுவிட்டேன். யாரை நம்பி விட்டுப் போவது? காப்பகத்து ஆயாவிடம் கணக்கை விளக்கினேன். "எங்க கிட்ட இருவது புள்ளைங்க இருக்குதும்மா" என்றாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

இரண்டு மணிக்கொரு தடவை பிள்ளை வயிற்றில் ஏதாவது போக வேண்டும். பட்டாணி வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். கெஞ்சுகிறேன், மிரட்டுகிறேன். இன்று ஒரு அடி வைத்துவிட்டேன். சாப்பிடாத பிள்ளையை அடித்துச் சாப்பிட வைக்கிற அம்மாவாகிவிட்டேன்.

இவர் சொன்னார்: "நீ அவள வளக்கல. காவல் காக்கற."

"ஆமா. ஒண்ண காவல் காக்காம விட்டதுக்குத்தான்."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மார்ச் 20

ஒரு யோசனை. பெரியவனுக்கும் இதே கணக்கைப் போட்டால் என்ன? எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி என்று தெரிந்தால் போதும். கம்பளியைப் போர்த்திய நேரத்துக்கும் இருபதுக்குக் கீழே இறங்கிய நேரத்துக்கும் உள்ள தொடர்பு பச்சையாகத் தெரிந்துவிடும். அப்புறம் இந்த வீட்டில் யாரும் என்னிடம் "அக்கா பாவம்" என்று சொல்ல முடியாது.

அந்த வருஷத்து டைரி பரண்மேல் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு அதைத் தொட்டதில்லை.

மார்ச் 21

எடுத்தேன். எடுத்திருக்கவே கூடாது.

அன்று கல்லூரியில் செய்முறைத் தேர்வு. இடையிடையே எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான். அப்படியே பார்த்து எழுதுகிறேன். நாத்தனாரை அப்போது அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

"காலை 6.30. பெரியவனுக்கு 38.6. நேற்று ராத்திரியும் சரியாகச் சாப்பிடவில்லை. மருந்து கொடுத்தேன். அண்ணி எட்டு மணிக்கு வந்துவிட்டார்."

"11.10. அண்ணி போன் செய்தார். 39.5 ஆம். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். வெயிலில் அலைய வேண்டாம், நன்றாகப் போர்த்திப் படுக்க வையுங்கள், எழுப்பாதீர்கள், தூங்கினால் சரியாகிவிடும் என்றேன். தேர்வு முடிய நாலு மணி ஆகும். இரண்டாவது குழுவில் ஒருத்தன் குடுவையை உடைத்துவிட்டான்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்கள்.

போர்த்தச் சொன்னது நான். எழுப்பாதே என்றது நான். டாக்டரிடம் போக வேண்டாம் என்றதும் நான்.

எப்படி மறந்தேன்? மறந்தேனா? உடைந்த குடுவையை எழுதத் தெரிந்தவளுக்கு இது எப்படி மறக்கும்?

கணக்கையும் போட்டுவிட்டேன். கை நிற்கவில்லை. ஆறரையிலிருந்து பதினொன்று வரை 38.6 என்று வைத்தால் அறுபது இருபத்தொன்பதாகும். அங்கிருந்து 39.5-ல் இருபதுக்கு இறங்க எழுபது நிமிஷம். மத்தியானம் பன்னிரண்டு பத்து. பதினொன்று பத்துக்கு அண்ணி தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி.

அரை மணி நேரம் மிச்சம் இருந்திருக்கும்டா கண்ணா. அரை மணி நேரம்.

மார்ச் 22

சாப்பிடவில்லை. பட்டாணிக்கு மட்டும் ஊட்டினேன்.

மார்ச் 25

அண்ணி ஏன் சொல்லவில்லை? நான் வாசலில் நின்று, சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் "எம்புள்ளைய மூச்சு முட்ட வெச்சுக் கொன்னுட்டீங்க"ன்னு கத்தினேனே. அப்போ ஒரு வார்த்தை, "நீதானே சொன்ன"ன்னு, வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல. இவருக்காவது தெரியுமா? தெரிந்தால் இவர் என்னோடு இருப்பாரா?

போனை எடுத்தேன். எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். மூன்று தடவை.

ஏப்ரல் 2

பெரிய டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் காட்டலாம். உடனே சர்க்கரை ஏற்றச் சொல்லி எழுதியிருக்கிறார். வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. இவர் நல்லவராக இருக்க இருக்கச் சொல்வது இன்னும் கஷ்டமாகிறது.

ஏப்ரல் 9

ஆஸ்பத்திரித் தாழ்வாரம். மாலை ஐந்து. எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

காலை 10.20-க்கு 38.2. மருந்து கொடுத்தேன். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன், அப்படியே வாந்தி எடுத்தாள். மறுபடி கொடுத்தேன். மறுபடி வாந்தி. பதினொரு மணிக்கு 38.9. இவர் லிஃப்ட் குழிக்குள், போன் எட்டவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் தெரிந்தவள், கணக்கெல்லாம் போட்டவள், கால் நகரவில்லை. என் தலைக்குள் எண்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அந்த எண்ணை அழுத்தினேன். எடுத்தார்.

"அண்ணி. காய்ச்சல்."

மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த இரண்டு சொல்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "கதவத் திறந்து வெய்யி, வரேன்" என்றார். டாக்ஸியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, என்னைத் தோளைப் பிடித்துத் தூக்கி, குழந்தையை வாங்கிக்கொண்டார். பட்டாணி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், பழகிய மாதிரி. பழக்கம்தானே.

அவசரத்தில் வரைபடத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். கடிதம் பெட்டிக் கதவிலேயே.

11.50. இங்கே அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டர். 39.4. "சாதாரண வைரஸ் காய்ச்சல்தாம்மா. சிரப் எழுதித் தரேன், வீட்டுக்குப் போங்க." நான் வரைபடத்தை நீட்டினேன். கோடுகளைக் காட்டினேன். என் குரல் கீச்சிட்டது. "நெட்ல பாத்துட்டு வந்தீங்களா?" என்றார். "இல்ல, நான் தான் போட்டேன்" என்றேன். அது இன்னும் மோசமாகப் போனது. பெரிய டாக்டர் பெயரைச் சொன்னேன். மீட்டிங்கில் இருக்கிறாராம், முடிந்ததும் கேட்கிறாராம்.

அண்ணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அறையின் வாசலில், தரையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்ட்ரெச்சர் ஒன்று போக முடியாமல் நின்றது.

"வழியில உக்காராதீங்கம்மா."

"இவங்க அம்மா சொன்ன அந்தத் தண்ணிய ஏத்துங்க தம்பி. எந்திரிக்கறேன். இதே மாதிரி ஒரு பிள்ளைய வாய மூடிக்கிட்டுப் பறிகொடுத்தவ நான். இன்னொரு தடவை வாய மூட மாட்டேன். சர்க்கரத் தண்ணி ஏத்தினா செத்தா போயிடும்? ஏத்தலன்னா போயிடும்னு பெத்தவ சொல்றா. நீங்களே சொல்லுங்க, எது வசதி?"

சத்தமே போடவில்லை. கடையில் விலை கேட்கிற மாதிரிக் கேட்டார். டாக்டர் போனை எடுத்துப் பெரிய டாக்டரை மீட்டிங்கிலிருந்து கூப்பிட்டார். அரை நிமிஷம் கேட்டுக்கொண்டார். முகம் மாறியது.

12.40-க்கு ஊசி ஏறியது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முப்பத்தாறு. இருபது என்ற கோட்டுக்கு மேலேதான். மேலேதான்.

ஏப்ரல் 10

நேற்று அந்தி சாயும் நேரத்தில் 40.1. வலிப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

முப்பத்தாறு என்று போட்டேனே.

ஏப்ரல் 12

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். குழாய்களுக்கு நடுவே அவள் எவ்வளவு சின்னதாக இருக்கிறாள்.

பெரிய டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்டேன்: "கணக்குல எங்க தப்பு?"

"தப்பு இல்லம்மா. குடுவையில வாந்தி கிடையாது, வைரஸ் கிடையாது, அழுகை கிடையாது. நீங்க முப்பத்தாறுன்னு போட்டது நாப்பத்தஞ்சா இருந்திருக்கலாம், பதினஞ்சா இருந்திருக்கலாம். உங்க கணக்கு உங்களுக்கு ஒரு மணி நேரம் வாங்கிக் குடுத்துச்சு. மீதிய அவ உடம்புதான் பாத்துக்கணும்."

அப்படியானால் பெரியவனுக்குப் போட்ட பன்னிரண்டு பத்து? அதைக் கேட்க வாய் வரவில்லை.

ஏப்ரல் 13

இன்னும் கண் திறக்கவில்லை. யாரை வேண்டுவது என்றுகூடத் தெரியவில்லை. சுவரைப் பார்த்து வேண்டுகிறேன்.

ஏப்ரல் 14

காலையில் இவர் மருந்து வாங்கப் போயிருந்தார். தாழ்வாரத்து பெஞ்சில் நானும் அண்ணியும். சொல்லிவிட்டேன். டைரியில் இருந்ததை, ஒரு வரி விடாமல். அவர் முகத்தைப் பார்க்காமல், எதிர்ச்சுவரில் இருந்த தீயணைப்புக் குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"ஏன் அண்ணி அன்னிக்கே சொல்லல?"

"வாய் வரைக்கும் வந்துச்சு. உன்னப் பாத்தேன். யாரையாவது திட்டினாத்தான் நிப்பன்னு இருந்த. நான் எதிர்ல இருந்தேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பெரிய தியாகின்னு நெனைக்காத. கோவம் இருந்துச்சு. மூணு வருஷமும் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. அதோட, நீ சொன்னா என்ன, எனக்குப் புத்தி எங்க போச்சு? தூக்கிட்டு ஓடியிருக்கலாம்ல. அதையும்தான் தெனம் நெனைக்கறேன்."

இரண்டு பேரும் அழுதோம். கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. பெஞ்சில் இடையில் ஒரு ஆள் உட்காரும் இடம் அப்படியே இருந்தது.

இவர் திரும்பி வந்ததும் இவரிடமும் சொன்னேன். மருந்துப் பையைப் பிடித்தபடி நின்றார். "அக்கா சொல்லிட்டா," என்றார், "அந்த வருஷமே." அவ்வளவுதான் சொன்னார். அப்புறம், "நீயா சொல்லட்டும்னுதான் காத்திருந்தேன்" என்றார்.

என்ன மனிதர்கள் இவர்கள். நான் என்ன மனுஷி.

ஏப்ரல் 15

மத்தியானம் 2.35. கண் திறந்தாள். பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

பேசவில்லை. வலது காலை அசைக்கவில்லை.

மே 3

வீட்டுக்கு வந்து ஆறு நாள். ஒரு சொல்கூட வரவில்லை. "அம்மா" இல்லை, "பிக்கட்" இல்லை. எது வேண்டுமென்றாலும் கையை நீட்டி "ங்" என்கிறாள். நடந்துகொண்டிருந்த பிள்ளை உட்கார்ந்தபடியே நகர்ந்து போகிறாள். பிசியோ சொல்லிக் கொடுக்கிற பெண், "வரும், வராமலும் போகலாம், செஞ்சுகிட்டே இருங்க" என்றாள். பொய் சொல்லாததற்கு அவளைப் பிடித்திருக்கிறது.

கல்லூரியில் கேட்கிறார்கள், எப்போது வருகிறாய் என்று. வருகிறேனா?

வரைபடத்தை மறுபடி ஒட்டவில்லை. கடிதத்துக்கு மூன்று நகல் எடுத்தேன்: இவர் பையில் ஒன்று, என் பையில் ஒன்று, அண்ணி பையில் ஒன்று.

மே 19

அண்ணி திங்கள் முதல் வெள்ளி வரை இங்கே. எனக்கு முன்னால் எழுந்து பட்டாணி வாயில் ஏதோ ஊட்டிவிடுகிறார். என்னிடம் இன்னும் அளந்துதான் பேசுகிறார். சாம்பார்க் கரண்டியை நான் வைத்த இடத்திலிருந்து மாற்றி வைக்கிறார். நான் மறுபடி மாற்றி வைக்கிறேன்.

இன்று கல்லூரிக்குப் போனேன். பதினொரு மணிக்கு வீட்டு எண்ணிலிருந்து போன். கையில் இருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். "சும்மாதான். 36.8. சாப்பிட்டா. சொல்லணும்னு தோணிச்சு" என்று வைத்துவிட்டார்.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தேன்.

ஜூன் 8

காய்ச்சல். முந்தாநாள் 38.1. நேராக ஆஸ்பத்திரி, கடிதம், ஊசி. முப்பது நிமிஷம். அதே சின்ன டாக்டர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், அண்ணியைப் பார்த்துத்தான். இரண்டே நாளில் வீடு. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன்.

ஆனாலும் கதவு தட்டினால் இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது. இப்படியே எத்தனை வருஷம்? பத்து? இருபது?

ஜூலை 6

வலது காலுக்கு நடக்கத் துணையாகப் பட்டை போட்டிருப்பதால் பழைய செருப்பு நுழையவில்லை. நாலு பேருமாகக் கடைவீதிக்குப் போனோம். மூன்று கடையில் இல்லை என்றுவிட்டார்கள். நாலாவது கடைக்காரர் வயசானவர். பட்டையை விரலால் அளந்து பார்த்துவிட்டு, "ரெண்டு சைஸா குடுத்துட்டா சரியாப்போச்சு" என்று வலதுக்கு ஒரு அளவு பெரியதாக எடுத்தார். சிவப்பு. முன்னால் ஒரு பூ.

"நடக்க விடுங்க. கடிக்குதான்னு பாக்கணும்."

இவர் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார், அண்ணி ஒரு கையை. கண்ணாடி வரை போனார்கள். அங்கே பட்டாணி தன் காலைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். இரண்டு கையையும் உதறிக்கொண்டாள். நான் எழப் போனேன். அண்ணி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

வலது காலை இழுத்து இழுத்து என்னிடம் வந்து முட்டியில் முட்டிக்கொண்டு நின்றாள்.

"கடிக்குதா பாப்பா?" என்றார் கடைக்காரர். அவருக்கு என்ன தெரியும், இவள் பேசுவதில்லை என்று.

"கடிக்கல" என்றாள்.